இத்தாலிச் சந்துகளில் என்னைத் துரத்திய சால்வை

சென்ற ஆண்டு வைகாசியில், இத்தாலியில் ஏரிக்கரையோரம் உள்ள ஒரு பழைய நகரத்தில், ஒரு சால்வை வியாபாரி என்னை விடாமல் துரத்துகிறார் என்று முழு மனதோடு நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஓடவும் செய்தேன். மாத்தளை பஸ் நிலையத்தில் பஸ் புறப்படும்போதுகூட ஓடாத உடம்பு இது. வயிறு முன்னால் போக, நான் பின்னால் போக, கல் பாவிய சந்துகளில் சப்பாத்துச் சத்தம் கோட்டைச் சுவரில் மோதித் திரும்ப, நான் ஓடிய ஓட்டத்தை அந்த ஊர்ப் பூனைகள்கூட இன்னும் மறந்திருக்காது.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று முதலில் சொன்னால்தான் ஏன் ஓடினேன் என்பது விளங்கும். மாத்தளையை அடுத்த பலாபத்வலப் பக்கம், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியோரத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் எனக்கு வேலை. 'ஸ்பைஸ் கார்டன்' என்று பெரிதாகப் போர்டு இருக்கும். சீகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களை வேன்காரர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் சிரித்த முகத்தோடு போய்க் கைகூப்பி, மிளகுக் கொடி, கறுவா மரம், கொக்கோ, வெனிலா என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இலையைக் கசக்கி அவர்கள் மூக்கருகே நீட்டி, "எல்லாம் இலவசம், விளக்கம் மட்டும்தான், நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை" என்பேன். பிறகு ஓலைக் கூரைக்குக் கீழே உட்காரவைத்து, மூலிகைத் தேநீர் கொடுத்து, முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்து வெளியே போகப் பார்த்தால், தோட்டத்திலிருந்து வெளியே போக ஒரே ஒரு வழிதான். அந்த வழி கடைக்குள்ளே நுழைந்துதான் போகும்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எண்ணெய் நல்ல எண்ணெய்தான், என் முழங்காலுக்கும் அதைத்தான் தேய்க்கிறேன். ஆனால் சிரித்த முகம், இலவச விளக்கம், நாற்காலி, தேநீர், எண்ணெய், கடை என்கிற வரிசை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். யாராவது சிரித்துக்கொண்டு கிட்டே வந்தால், அவர் முதுகுக்குப் பின்னால் கடை எங்கே இருக்கிறது என்று என் கண் தன்பாட்டில் தேடத் தொடங்கிவிடும்.

எங்கள் தோட்டத்துக்கு இத்தாலிக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்களைப் பேசவைத்தே கொஞ்சம் மொழி பிடித்துக்கொண்டேன். அது முழுக்க முழுக்கத் தோட்டத்து இத்தாலி. அதில் கறுவாவுக்குச் சொல் உண்டு, முழங்காலுக்கு உண்டு, 'பக்க விளைவு கிடையாது' என்பதற்கும் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமாக 'மோல்யே' உண்டு. மோல்யே என்றால் மனைவி. சந்தனக் கிரீமைத் தூக்கிப் பிடித்து, "மோல்யே! மோல்யே!" என்று சொல்லிச் சிரித்தால் போதும். பக்கத்தில் மனைவி நிற்கும்போது எந்த நாட்டு ஆணுக்கும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் கிடையாது.

என் மனைவியின் தம்பி இத்தாலியில் ஒரு வீட்டில் வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். அவனுக்கு நான் மச்சான், எனக்கும் அவன் மச்சான். "அக்காவைக் கூட்டிக்கிட்டு ஒருக்கா வாங்க மச்சான், வாங்க மச்சான்" என்று வருடக் கணக்காகக் கூப்பிட்டு, விசாவுக்கும் அவனே ஓடித் திரிந்து, எங்களை அங்கே இறக்கிவிட்டான். தோட்டத்தில் ஆள் வரத்துக் குறைந்த மாதம் என்பதால் முதலாளியும் சந்தோஷமாகத்தான் அனுப்பினார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைச் சுற்றிக் காட்டிய நான் முதல் தடவையாகச் சுற்றுலாப் பயணி! கழுத்தில் கெமரா, தலையில் தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது, என்னை நானே தோட்டத்துக்குள் கூப்பிட்டு எண்ணெய் விற்றுவிடலாம் போல இருந்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்களை ஏரிக்குக் கூட்டிப் போனான். அக்கரையில் ஒரு பழைய நகரம். பெயரை எழுதவில்லை. எழுதினால் உச்சரிப்புப் பிழை என்று அவன் போன் எடுத்து வகுப்பு நடத்துவான். படகுத்துறையில் டிக்கட் வாங்கும்போதே அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது. வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லையாம், உடனே வரட்டுமாம். "இன்னொரு நாள் போவோம் மச்சான்" என்றான். நான் விடுவேனா?

"இத்தனை வருசமா இத்தாலிக்காரனுக்கு நான் வழி காட்டுறேன். இத்தாலியில எனக்கு ஒருத்தன் வழி காட்டணுமா? நீ போ மச்சான்."

அவன் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். "சரி, கோயில் மணி அஞ்சடிச்ச உடனே ஒரு போட் இருக்கு. அதுதான் கடைசி. அதை மட்டும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

படகில் ஏறியதும் எனக்குப் பிள்ளைத்தனமான குதூகலம். நீரா அது! நீலக்கல்லைக் கரைத்து ஊற்றிய மாதிரி. சுற்றிலும் மலை. எங்கள் ஊர் மலையைப் போல் பச்சையாக இல்லாமல், உச்சியில் இன்னும் பனி ஒட்டிக்கொண்டு. தூரத்தில் நீருக்குள் இருந்தே எழுந்து நிற்கும் ஒரு கோட்டை. அதன் மதில் உச்சி முழுவதும் மீன் வால் போல் பிளந்த கற்கள். நான் படம் எடுத்துத் தள்ளினேன். அந்த நேரம் பார்த்து, மச்சானின் மனைவி கொடுத்தனுப்பிய சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் மனைவி கேட்டாள்: "என்னங்க, இது எனக்கு எடுப்பா இருக்கா?"

"ஆமா ஆமா" என்றேன், கோட்டையைப் பார்த்தபடி.

"காத்துக்குப் பறக்குது. இந்த ஊக்கைக் கொஞ்சம் குத்தி விடுங்க."

தாலிக்கொடியில் எந்நேரமும் இரண்டு மூன்று ஊக்குகளைத் தொங்கவிட்டிருப்பாள். எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தானே! ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருந்த இரண்டு ஊக்குகளைக் கழற்றித் தந்தாள். அவற்றைப் பிரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல், ஒரு கண் கெமராவில் இருக்க, மற்றதையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் கோணலாகக் குத்தி முடித்தேன். சால்வை என்ன நிறம் என்று அப்போது கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் இறங்கிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தோம். அப்பப்பா! நாங்கள் சீகிரியாவைப் பார்த்து வளர்ந்தவர்கள், கல்லைக் காட்டி எங்களை மயக்குவது லேசில்லை. ஆனால் சீகிரியாவில் ராஜா போய்விட்டார், கல் மட்டும் இருக்கிறது. இங்கே அந்தக் காலத்துக் கல் வீட்டுக்குள் இந்தக் காலத்து மனிதர்கள் குடியிருக்கிறார்கள்! எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய சன்னலில் ஒருத்தி காற்சட்டை காயப்போடுகிறாள். வளைவு வளைவாகத் தூண்கள் தாங்கிய நடைபாதைக்குக் கீழே ஒருவர் ஐஸ்கிறீம் விற்கிறார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய சந்துகள். வாகனமே கிடையாது. படி படியாக இறங்குகிற ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஏரி தெரிகிறது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தொழில் புத்தி. முன்னால் நடந்தபடி, கையை வீசி விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன்.

"இந்தா பாரு, இந்த மணிக்கூட்டுக் கோபுரம் ராஜா கட்டினது."

"எந்த ராஜா?"

"இத்தாலி ராஜாதான்."

"அவருக்குப் பேரு இல்லையோ?"

"பேரெல்லாம் கேட்டா விளக்கம் கெட்டுப்போகும்."

சதுக்கத்தைத் தாண்டினேன், தேவாலயத்துக்கு ஒரு கதை சொன்னேன், கிணறு ஒன்றுக்கு இன்னொரு கதை. இப்படி எவ்வளவு நேரம் பேசினேனோ, எதிர்க் கேள்வியே வரவில்லையே என்று திரும்பினால் பின்னால் ஆள் இல்லை. எனக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. வழியில் பீங்கான் கடை ஒன்று இருந்தது, அதன் சன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். என் விளக்கத்தைக் கேட்காமல் கடை பார்க்கப் போவது எங்கள் தோட்டத்திலும் நடப்பதுதான்.

அப்போதுதான் அவர் வந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளை மயிர், சட்டைக் கை மடிப்பு, ஒரு காலை லேசாக இழுத்து நடக்கிற நடை. கையில் ஒரு பச்சைச் சால்வை. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் தொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. சால்வையை உயர்த்தி ஆட்டினார்.

"மோல்யே! மோல்யே!"

நான் சிரித்துவிட்டேன். அட, என் வசனம்! அதே சிரிப்பு, அதே தூக்கிப் பிடித்தல், அதே மோல்யே. இவர் யாருக்கு விற்கப் பார்க்கிறார்! திருப்பதிக்கே லட்டா? தொழில்காரனுக்குத் தொழில்காரன் கொடுக்கிற மரியாதையோடு தலையாட்டி, "நோ, கிராட்ஸியே" என்று நன்றி சொல்லி மறுத்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு சந்தைக் காட்டினார். ஓஹோ, கடை அந்தச் சந்தில்! நீளமாக ஏதோ பேசினார். மோல்யேயைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. தன் பாதத்தையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எங்கள் தோட்டத்து இத்தாலியில் முழங்காலுக்குக் கீழே சொல் கிடையாது. செருப்பும் விற்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன்.

கையை விடுவித்துக்கொண்டு, குடுகுடுவென்று ஓடித் தூண் நடைபாதைக்குள் நுழைந்து, ஒரு சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே கலந்து, மறுபக்கம் வெளியே வந்தேன். எனக்கு ஒரே பெருமை. எங்களிடம் வருகிற வெள்ளைக்காரர் எவருக்கும் இந்த வித்தை தெரியாது.

பெருமை பீங்கான் கடை வரைக்கும்தான் நிலைத்தது. அங்கே அவள் இல்லை. ஐஸ்கிறீம்காரரிடம் இல்லை. தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மெழுகுவர்த்தி மணம், முழங்காலிட்டபடி ஒரு கிழவி, என் மனைவி மட்டும் இல்லை. வாசலுக்கு ஓடினேன், சதுக்கத்துக்கு ஓடினேன். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் அதே சதுக்கம்தான். அந்தக் காலத்தில் எதிரிகளைக் குழப்பக் கட்டினார்களாம். எதிரிகளோடு என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அவளுடைய போன் மச்சான் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. கடவுச்சீட்டு என் பையில். கைப்பணமும் என்னிடம். அவளுக்கு இந்த ஊர் மொழியில் முழங்கால்கூடத் தெரியாது. சந்துகள் எல்லாம் எங்கே முடிகின்றன? ஏரியில்! படிகள் எல்லாம் எங்கே இறங்குகின்றன? ஏரிக்குள்! அவளுக்கு நீச்சல் தெரியுமா? கல்யாணம் செய்து இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. என் தலைக்குள் மச்சான் வந்து நின்று, "அக்கா எங்க மச்சான்?" என்றான். அவனுக்குப் பின்னால் பல்லேபொலையில் இருந்து மாமியார், இடுப்பில் கை வைத்தபடி.

கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. பொது இடத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பழகிய வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"இந்தா! இந்தா! இந்தாம்மா!"

அந்தக் கோட்டைச் சுவர் எத்தனையோ படைகளின் கூச்சலைக் கேட்டிருக்கும். 'இந்தா' கேட்டது அதுதான் முதல் தடவை. நாலு சன்னல் திறந்தது. ஒரு நாய் குரைத்தது. ஒரு ஜப்பான் தம்பதி என்னைப் படம் எடுத்தார்கள்.

பதில் வந்தது சந்தின் மறுமுனையிலிருந்து. "மோல்யே!"

அதே மனிதர்! வியர்த்து வழிந்துகொண்டு, சால்வையைக் கொடி போல் ஆட்டிக்கொண்டு! எனக்கு வந்த கோபத்தில் தமிழும் சிங்களமும் கலந்து கொட்டியது. "ஐயா, இங்க என் பொஞ்சாதியையே காணோம், நீ அவளுக்குச் சால்வை விக்கிறியா? அனே, யண்ட! போய்யா!" இப்போது எழுதும்போது எனக்கே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மனைவியைத் தேடுகிறவனிடம் ஒருவர் 'மனைவி, மனைவி' என்று கத்துகிறார். பச்சைப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லை நான் பொருள் விற்க மட்டுமே பயன்படுத்தி வந்தவன். அந்தச் சொல்லுக்கு வேறு வேலையும் இருக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

ஓடினேன். அவரும் வந்தார். படி இறங்கினேன், வளைந்தேன், துணிக்கொடிக்குக் கீழே குனிந்தேன், யாருடைய தக்காளிக் கூடையையோ தாண்டினேன். பின்னால் இழுத்து இழுத்து வைக்கிற அந்தக் காலடிச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. கடைசியாக ஒரு வளைவைத் தாண்டினால் சந்து முடிந்துபோயிற்று. எதிரே கோட்டை மதில். காலடியில் ஏரி. இரண்டு வாத்துகள் என்னை அண்ணாந்து பார்த்தன. முன்னால் தண்ணீர், பின்னால் சால்வை.

அவர் வந்து சேர்ந்தார். பேச மூச்சு இல்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். பிறகு சால்வையை என் தோளில் போட்டார்.

ஆகா, இதுவும் தெரிந்த வித்தைதான். எங்கள் ஆட்கள் மாலை போடுவார்கள். கழுத்தில் விழுந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க ஆட்களுக்குக் கூச்சம். நான் கூச்சப்படுகிற ஆள் இல்லை. திருப்பிக் கொடுக்கச் சால்வையைப் பற்றி இழுத்தேன். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

பார்த்தேன். ஓர் ஊக்கு. கோணலாகக் குத்திய ஊக்கு. அதில் இன்னோர் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தாலியில் எந்தக் கடையிலும் தாலிக்கொடி ஊக்கோடு சால்வை விற்பதில்லை.

வெள்ளைக்காரரின் சப்பாத்தைப் பார்த்தே அவர் எண்ணெய் வாங்குவாரா, கிரீம் வாங்குவாரா என்று சொல்கிற கண் இது. படகில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவியின் தோளில் கிடந்த சால்வையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "மோல்யே?" என்றேன். இந்த முறை எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தது.

"சீ, சீ! மோல்யே!" சீ என்றால் அவர்கள் மொழியில் ஆமாம். அவர் வானத்தை நோக்கி இரண்டு கைகளையும் தூக்கினார். கடைசியில் விளங்கிவிட்டது இந்த ஆளுக்கு என்பது போல.

இப்போது நான் ஓடத் துடித்தேன், அவரால் நடக்க முடியவில்லை. வழி தெரிந்தவருக்குக் கால் இல்லை, கால் இருந்தவனுக்கு வழி தெரியவில்லை. அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் உயிரோடு இருக்கிறாளா, என்ன ஆயிற்று, அந்தப் பாதத்தைத் தொட்டுக் காட்டியதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்றையும் கேட்க என்னிடம் மொழி இல்லை. படி ஏறினோம். மணிக்கூண்டில் மணி அடித்தது. நாலரை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு படிச் சந்தில், பெரிய மண் தொட்டியில் எலுமிச்சை மரம் நின்ற வீட்டு வாசலில் அவர் நின்றார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே சமையலறை. நாற்காலியில் என் மனைவி. முன்னால் இன்னொரு நாற்காலியில் அவளுடைய கால், அதன் மேல் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த பட்டாணிப் பை. பக்கத்தில் பருமனான ஓர் அம்மா, அவளுக்கு ஏதோ கேக் ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு பாருங்க" என்றாள் என் மனைவி, அந்த அம்மாவிடம் தமிழிலேயே. அந்த அம்மாவும் விளங்கியது போலத் தலையாட்டினார்.

நடந்தது இதுதான். மாத்தளைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். கண்ட இலையைச் சும்மா விட மாட்டோம். கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தால்தான் மனம் ஆறும். நான் கிணற்றுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் இந்த எலுமிச்சையைக் கண்டிருக்கிறாள். நம் ஊர் எலுமிச்சை மணமா, வேறு மணமா என்று பார்க்க எட்டிக் கிள்ளியிருக்கிறாள். படி வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த அந்த அம்மா, இலை திருடியவளைத் திட்டாமல் உள்ளே தூக்கி வந்துவிட்டார். பிறகு, புருஷன் எங்கே என்று சைகையால் கேட்டிருக்கிறார். என் மனைவி தலையில் தொப்பி வைத்துக் காட்டினாளாம். அது போதவில்லை. கையால் காற்றில் ஒரு பெரிய வயிறு வரைந்தாளாம். அதற்குமேல் அடையாளம் தேவைப்படவில்லை. சால்வையைக் காட்டினால் எனக்கு உடனே தெரியும் என்று அதையும் கழற்றி அந்த அம்மாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

உடனே தெரியுமாம்!

"ஐயா ஒருக்கா திரும்பி வந்தாரு" என்றாள். "நீங்க ஓடுறீங்கன்னு ஓடிக் காட்டுனாரு. நான் நம்பல. எங்க வீட்டுக்காரரு ஓட மாட்டாரு, அது வேற ஆளுன்னேன். அவரு திரும்ப உங்க வயித்தைக் காட்டுனாரு. அப்பதான் நம்பினேன்."

சால்வையோடு வந்த பெரியவர் இப்போது எனக்காக ஒருமுறை நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினார். தொப்பியைப் பிடித்துக்கொண்டு, துணிக்கொடிக்குக் குனிந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து. அப்படியே நான்தான். அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி கால்வலியை மறந்து சிரித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால் வந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? சிரித்த முகம் ஆயிற்று, நாற்காலி ஆயிற்று, கேக் ஆயிற்று, காலுக்கு மருந்தும் ஆயிற்று. அப்படியானால் கடை எங்கே? என் கண் தேடியது. ஓர் அடுப்பு, பாத்திர அலமாரி, பேரப்பிள்ளைகளின் படங்கள், இன்னொரு கதவு. அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெரியவர் உட்கார்ந்து தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைத் துரத்தி வீங்கிய முழங்கால். எனக்கு வெட்கமாகிவிட்டது. மச்சானின் முதலாளிக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்த எங்கள் தோட்டத்து எண்ணெய்ப் போத்தல் ஒன்று பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். நீட்டியதோடு நின்றிருக்க வேண்டும். போத்தல் கைக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. கறுவா, சாதிக்காய், முழங்காலுக்கு நல்லது, பக்க விளைவு கிடையாது, மனைவிக்கும் தேய்க்கலாம் என்று முழு விளக்கத்தையும் தோட்டத்து இத்தாலியில் மூச்சு விடாமல் கொட்டினேன். சிரிப்பும் சேர்த்து.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற பார்வை. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டு, காற்சட்டைப் பையில் இருந்து மணிபர்சை எடுத்தார்.

"ஐயையோ, நோ! நோ!" என்று பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அன்பளிப்பு என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. விற்கிறவனுக்கு அந்தச் சொல் எதற்கு? கடைசியில் தரையில் உட்கார்ந்து, அவர் காற்சட்டையைச் சுருட்டி, எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினேன். அதுதானே எனக்கு ஒழுங்காகத் தெரியும்! கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். "பியானோ, பியானோ", மெல்ல மெல்ல, என்று நான் சொல்ல, என் மனைவி, "அவரை விட்டுட்டு எந்திரிங்க, போட் போயிரும்" என்றாள்.

போட்! அவளால் காலை ஊன்ற முடியாது. வாகனம் வராத சந்து. பெரியவர் அந்த இன்னொரு கதவைத் திறந்தார். நான் கடை என்று முடிவு கட்டிய கதவு. அதற்கு அந்தப் பக்கம் கடை இல்லை. பின் சந்து இருந்தது, படி இல்லாத சரிவான சந்து, நேரே படகுத்துறைக்கு. அங்கே சாமான் இழுக்கிற தள்ளுவண்டி ஒன்று நின்றது. அந்த அம்மா அதில் மெத்தை போட்டார், என் மனைவியை ஏற்றினோம். நான் தள்ள, அவர் முன்னால் கையை வீசி வழி விலக்க, அந்த அம்மா பக்கத்தில் அவள் காலைப் பிடித்தபடி ஓட, புறப்பட்டது ஊர்வலம்! மாத்தளைத் தேர்த் திருவிழாவில் வடம் பிடித்திருக்கிறேன். அதில்கூட இப்படி ஓடவில்லை. ஐஸ்கிறீம்காரர் ஒதுங்கினார், ஜப்பான் தம்பதி மறுபடியும் படம் எடுத்தார்கள். என் மனைவி பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மன் போலவே உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கத் தொடங்கியது. பெரியவர் தூரத்தில் இருந்தே சத்தம் போட்டார். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.

கரை விலகும்போது இருவரும் கை ஆட்டினார்கள். அவர் இல்லாத சால்வையை ஒருமுறை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். நான் ஓடுவது போல் காட்டினேன்.

அக்கரையில் மச்சான் பாய்ந்து வந்தான். "அக்காவுக்கு என்ன மச்சான் ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. உன் மச்சானுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றாள் அவள்.

இப்போது மறுபடியும் தோட்டத்தில்தான் வேலை. சில வெள்ளைக்காரர்கள் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை ஆட்டிவிட்டு வேகமாக நடக்கிறார்கள். முன்பு எரிச்சல் வரும். இப்போது அந்த நடையை ரசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பழக்கமான நடை. யாராவது சிரித்துக்கொண்டு என் பக்கம் வந்தால் என் கண் இன்னும் கடையைத்தான் தேடுகிறது, அது தொழில் கொடுத்த கண். கால் மட்டும் இப்போது நின்று கேட்கிறது. ஏனென்றால் அன்று நடந்தது இவ்வளவுதான்: என் மனைவி விழுந்துவிட்டாள், முன்பின் தெரியாத ஒருவர் முழங்கால் வலியோடு அவளுடைய சால்வையை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார், நான் ஓடினேன், அவர் விடவில்லை.